தாடையில் கை வைத்தது யார்

அவளை ஊரில் தலைக்காரி என்பார்கள். தலை செய்து கொடுக்கிறவள். நீதிமன்றமோ ஆஸ்பத்திரியோ கல்லூரியோ, கூடத்தில் ஒரு பீடமும் அதன்மேல் வெண்கலத்தில் ஒரு தலையும் இருந்தால் அது பெரும்பாலும் அவள் கையால் ஆனதாகத்தான் இருக்கும். திறப்பு விழாக்களில் அவளுடைய திறமையைக் கடவுள் கொடுத்த வரம் என்று பேசுவார்கள். அவளைக் கேட்டால் வேறு பதில் வரும். “நான் யாரையும் நம்ப மாட்டேன். அவ்வளவுதான் வித்தை.”

அது உண்மை. தன் மூக்கு நேரானது என்று ஒருவர் சொன்னால் நம்பமாட்டாள். அவருக்கு நெற்றி அகலம் என்று அவர் மனைவி சொன்னால் அதையும் நம்பமாட்டாள். போட்டோவைப் போல் பொய் சொல்கிற பொருள் உலகத்தில் இல்லை என்பாள். தன் கண்ணைக்கூட முழுசாக நம்பாமல் காலிப்பரை வைத்துப் பார்ப்பாள். நண்டுக் கொடுக்கு மாதிரி வளைந்த இரண்டு கால்களும் நடுவில் ஒரு திருகும் உள்ள இரும்புக் காலிப்பர். எதிரில் இருப்பவரின் முகத்தில் இரண்டு இடங்களைத் தொட வைத்து, இடைவெளி கலையாமல் அப்படியே கொண்டுவந்து மண் முகத்தில் வைப்பாள். பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் மண்ணைச் சீவுவாள், அல்லது அப்புவாள். அளவை எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. “முகத்துலேர்ந்து மண்ணுக்கு நேரா போகணும். நடுவுல காகிதம் எதுக்கு? அதுவும் பொய் சொல்றதுக்கா?” என்பாள். எழுதி வைத்திருந்தால் பின்னால் அவள் வீட்டில் அவ்வளவு கலவரம் நடந்திருக்காது.

நான்கு பெண்கள் இருந்த வீட்டில் அவள் மூன்றாவது. பள்ளி முடிந்ததும், துணிக்கடைகளில் நிறுத்தும் பொம்மைகள் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நீளமான கொட்டகை. கூரையிலிருந்து கைகள் தொங்கும். மூலையில் கால்கள் குவிந்து கிடக்கும். ரசாயன நெடியில் கண் எரியும். அச்சிலிருந்து வருகிற முகங்களைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது அவள் வேலை. நாள் முழுக்க ஒரே முகம். ஒரு நாள் அலுப்புத் தாங்காமல் ஒரு பொம்மைக்குப் பள்ளம் அடைக்கிற புட்டியைப் பூசி, மேற்பார்வையாளரின் மூக்கையும் மோவாயையும் வைத்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. பொம்மை வர்ணம் பூசிக்கொண்டு கடைக்குப் போய், பூப்போட்ட சேலையோடு கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. மேற்பார்வையாளரின் மனைவி கடைத்தெருவுக்குப் போனவள் திரும்பி வந்து, “உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கறத என்கிட்ட சொல்லவே இல்லையே!” என்று பிடித்துக்கொண்டாளாம்.

வேலை போனது. ஆனால் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்த முதலாளி, செத்துப்போன தன் அப்பாவின் தலையை அவளிடம் செய்யக் கொடுத்தார். அதுதான் முதல் தலை. பிறகு கலைக்கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். மண் பிசைகிற அறைக்குள் பெண்களை விடுவதில்லை, மூட்டை தூக்க முடியாது என்று சொன்னார்கள். அவள் வாசலில் கிடந்த மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அடுத்தது எங்கே என்று கேட்டாள்.

கல்யாணம் செய்துகொண்டது ஒரு வெல்டிங் பட்டறைக்காரரை. மண் தலை தானாக நிற்காது, உள்ளே இரும்புக் குழாயும் கம்பியும் கொண்ட கூடு வேண்டும். அந்தக் கூடு செய்து கொடுக்க வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். இதில் ஊருக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு வருமா, புருஷன்காரன் செய்து கொடுக்க இவள் பேர் போட்டுக்கொள்கிறாளோ என்று. ஒரு திறப்பு விழாவில் அதிகாரி ஒருவர் நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் நிதானமாகச் சொன்னார்: “உள்ள இருக்கற கம்பி என்னுது சார். வெளியில என்னென்ன தப்பு தெரியுதோ அதெல்லாம் இவளுது.”

இன்னொரு சந்தேகமும் உண்டு. மண்ணில் வனைவதாகச் சொல்கிறாளே தவிர, ஆள் முகத்திலேயே பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்துவிடுகிறாள் என்று. ஒரு கல்லூரி முதல்வர் முதல் நாளே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “எப்பம்மா ஊத்துவீங்க? எனக்கு மூச்சுத் திணறல் உண்டு, முன்னாடியே சொல்லிடுங்க” என்றார். அவர் தலை இன்றும் கல்லூரிக் கூடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படி ஊர் அவளைச் சந்தேகிக்க, அவள் ஊரைச் சந்தேகிக்க, தொழில் நன்றாகவே நடந்தது. குழந்தைகள் இல்லை. கடைசி இரண்டு வருஷம் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தார். துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்க வைத்து, கரண்டியால் ஊட்டி, ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்துக்கொண்டாள். அது சின்ன விஷயம் இல்லை. செய்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போது ஒத்தாசைக்கு வந்தவள் அவருடைய தங்கை, அவளுக்கு நாத்தனார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். அண்ணன் போன பிறகும் அவள் போகவில்லை. பின்பக்கத்து அறையில் பெட்டியை வைத்துக்கொண்டாள். இருவரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் தலைக்காரிக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. மட்டமான பல்பு என்று மாற்றினாள். மாற்றிய பல்பையும் வளையம் விடவில்லை. அப்புறம் பிளாஸ்டர் மஞ்சளடித்துத் தெரிந்தது. கடைக்குப் போய், “இதுல என்னத்தக் கலக்கற?” என்று கேட்டாள். கடைக்காரன் மூட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினான். “பால் மாதிரி இருக்கேம்மா!” பக்கத்தில் நின்றவரும் வெள்ளைதான் என்றார். இருவரும் கூட்டு என்று நினைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாள்.

கண்ணாஸ்பத்திரி நான்கு தெரு தள்ளித்தான் இருந்தது. அவள் போகவில்லை. போகாததற்குக் காரணம் உண்டு. ஊரில் அவளுக்கு முன்னால் ஒரு கிழவர் தலை செய்துகொண்டிருந்தார். கண் மங்கியது அவருக்கே தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா, யாருக்கும் தெரியாது. கடைசியாக அவர் செய்த ஒரு வங்கி மேலாளர், ஒரு பாதிரியார், ஒரு பாட்டு வாத்தியார் மூவரும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள். யாரும் அவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. வேலை வருவது மட்டும் நின்றுபோனது. தினமும் காலையில் பட்டறையைத் திறந்து, மண்ணை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கோலம் தனக்கு வரக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். கண் போனது என்று வெளியில் தெரிந்தால் தொழில் போனது. தொழில் போனால் அப்புறம் அவள் யார்?

அந்த நிலையில்தான் நீதிபதியின் தலை வந்தது. ஓய்வு பெற்ற பெரிய நீதிபதி. வழக்கறிஞர்கள் சேர்ந்து நீதிமன்ற நூலகத்தில் அவருக்குத் தலை வைக்க முடிவு செய்தார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே வைக்கிறார்கள். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே அசல் நிற்கும். சின்னத் தப்பும் தப்பாது.

செவ்வாய்க்கிழமை நீதிபதியின் மகள் அவரைக் காரில் கொண்டுவந்து விடுவாள். முன்னறையில் உட்கார்ந்து போனில் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை மகளுக்கு அலுவலகம் உண்டு. அன்றைக்கு அவரே டாக்சி பிடித்து வருவார்.

“அசையலாமா?” என்று முதல் நாள் கேட்டார்.

“பேசலாம். தலைய மட்டும் ஆட்டாதீங்க.”

“நாப்பது வருஷம் தலையாட்டாமதாம்மா பேச்சு கேட்டிருக்கேன். ஒரு பக்கத்துக்கு ஆட்டிட்டா இன்னொரு பக்கத்து வக்கீல் சும்மா விடுவானா?”

மனிதர் தமாஷாகத்தான் இருந்தார். வேலையும் ஓடியது. மண்டையும் நெற்றியும் மூக்கும் முதல் இரண்டு வாரத்திலேயே நின்றுவிட்டன. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வாயும் தாடையும் முடித்தாள். காலிப்பரை மூக்கின் அடியிலும் மோவாயின் அடியிலும் வைத்துப் பார்த்து, மண்ணிலும் வைத்துப் பார்த்து, கச்சிதம் என்று ஈரத்துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மூடினாள். புதனும் வியாழனும் வேறொரு தலைக்காக வார்ப்புப் பட்டறைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மூடியை எடுத்து, நீதிபதியைப் பார்த்து, மண்ணைப் பார்த்தாள். மண் முகம் நீளமாக இருந்தது. காலிப்பரை வைத்தால் விரல் நகம் அளவுக்குப் பிசகு. தாடை கீழே இறங்கியிருந்தது.

மண் தொய்ந்திருக்கலாம். கம்பிக்கூட்டை ஆட்டிப் பார்த்தாள். பாறை மாதிரி நின்றது. சரி, தான்தான் அவசரப்பட்டிருப்போம் என்று தாடையைச் சீவி ஏற்றி, முகத்துக்குப் பொருத்தமாக்கினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை திறந்தால் தாடை குட்டை! மறுபடி மண் அப்பி இறக்கினாள். வெள்ளிக்கிழமை மறுபடி நீளம்.

மண்ணுக்குக் கால் இல்லை. அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள். யார்? வீட்டில் இருந்தது இன்னும் ஒரே ஒரு ஆள்தான்.

அன்று மாலை சாப்பிடும்போது நாத்தனாரை அளந்து பார்த்தாள். நாத்தனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “என்ன அண்ணி, என் தலையும் பண்ணப் போறீங்களா? பாக்கற பார்வை சரியில்லையே” என்றாள்.

“நான் இல்லாதப்ப பட்டறைக்குள்ள போனியா?”

“நான் எதுக்குப் போறேன்? அங்க போனா துணியெல்லாம் மண்ணு.”

பதில் சட்டென்று வந்தது. அவ்வளவு சட்டென்று வந்ததே தலைக்காரிக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் ஏன் செய்ய வேண்டும்? யோசிக்க யோசிக்கக் காரணங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. நீதிமன்றத்து வேலை முடிந்ததும் இனிமேல் பெரிய தலை எடுக்கப்போவதில்லை என்று தான் சொன்னபோது, நாத்தனார் “அப்பாடா, வீடு வீடா இருக்கும்” என்றாளே? தொழிலை ஒழித்துக்கட்டத்தான் பார்க்கிறாளா? அண்ணனை இந்த மண்ணு வேலைதான் தின்றுவிட்டது என்று ஒருமுறை சொன்னாளே? இப்படி ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால், அவர் தண்ணீர் குடித்தால்கூட அதில் ஒரு உள்நோக்கம் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும், பிளாஸ்டிக் தாளின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூலை யாருக்கும் தெரியாதபடி செருகி வைத்துவிட்டு வார்ப்புப் பட்டறைக்குப் போனாள். தாளைத் தூக்கினால் நூல் விழும். வியாழன் திரும்பி வந்து பார்த்தபோது நூல் தரையில் கிடந்தது.

“பட்டறைக்குள்ள போகலேன்னு சொன்னியே?”

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “துணி காஞ்சிருக்கும், மண்ணு வெடிக்கும்னு தண்ணி தெளிச்சேன். வெயில் என்ன வெயில் அடிக்குது! நீங்க பாட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டீங்க.”

“முன்னாடி கேட்டப்ப ஏன் மறைச்ச?”

“சொன்னா நீங்க சாமியாடுவீங்கன்னுதான். இப்ப ஆடறீங்க பாருங்க.”

“தண்ணி தெளிச்ச கை தாடையப் புடிச்சு இழுத்துச்சா?”

“தாடையா? எந்தத் தாடை?”

“ஒன்னும் தெரியாத மாதிரி கேக்காத. வாரத்துக்கு ரெண்டு தடவ அந்தாளு தாடை ஏறி எறங்குது. மண்ணுக்கா உசிரு வந்துச்சு?”

நாத்தனார் மடித்த துணியைக் கட்டிலில் வைத்தாள். “அண்ணி, முழுசா சொல்லிடுங்க. நான் உங்க வேலையக் கெடுக்கறேன்னு சொல்றீங்க. அப்படித்தானே?”

இந்த இடத்தில் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைக்காரி சொல்லவில்லை.

“டிக்கெட் ஜன்னல்ல உக்காந்தப்ப எத்தனையோ பேர் திட்டியிருக்காங்க” என்றாள் நாத்தனார். “கள்ளின்னு ஒருத்தனும் சொன்னதில்ல. அது எங்க அண்ணன் வீட்டுல கேக்கணும்னு இருந்திருக்கு.” பெட்டியை எடுத்துக்கொண்டு, தன்னோடு வேலை பார்த்த சிநேகிதியின் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை தாடை நீளமாகத்தான் இருந்தது. எதிர்பார்த்ததுதான். திருத்திவிட்டு, பட்டறைக் கதவைப் பூட்டி, சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். ஜன்னல் கொக்கிகளை உள்பக்கமாகப் போட்டாள். வேறு யாரும் வீட்டில் இல்லை. இனி யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று செவ்வாய்க்கிழமை வரை வெளியே எங்கேயும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை தாடை குட்டையாக இருந்தது.

அவள் காலிப்பரைக் கையில் பிடித்தபடி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நீதிபதி, “என்னம்மா, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. கதவு பூட்டியிருந்தது. சாவி தன்னிடம். யாரும் கை வைக்கவில்லை. அப்படியென்றால் கை வைத்தது யார் என்ற கேள்வியே தப்பு. கண்தான் போய்விட்டது. ஒரு நாள் நீளமாகவும் ஒரு நாள் குட்டையாகவும் காட்டுகிறது. காலிப்பரின் முனை எங்கே தொடுகிறது என்பதுகூடச் சரியாகத் தெரியாமல்தான் இத்தனை நாள் அளந்திருக்கிறாள். இத்தனை வாரமாக வீட்டுக்குள் ஒரு கள்ளியைத் தேடியதெல்லாம், கண்ணைப் பற்றி நினைக்காமல் இருப்பதற்குத்தான் என்று அவளுக்கே அப்போது தெரிந்தது. மண்ணை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர் ஞாபகத்துக்கு வந்தார்.

அன்றைக்குத் தலையில் கை வைக்கவில்லை. நீதிபதியை அனுப்பிவிட்டாள். மறுநாள் வழக்கறிஞர் சங்கத்துச் செயலாளர் போன் செய்து, “அடுத்த வாரம் வார்ப்புக்குப் போயிடும் இல்லியா மேடம்?” என்றார். “போயிடும்” என்றாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். அழுகிற ரகம் இல்லை அவள். கண்ணைச் சந்தேகப்படுவது என்றால் அதையும் முறையாகத்தான் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை நீதிபதி வந்தார். அவள் கண்ணை நம்பாமல் விரலை நம்பினாள். மூக்கின் அடியை விரலால் தொட்டு ஒரு முனையை வைத்தாள். மோவாய் எலும்பைத் தடவி மறு முனையை வைத்தாள். மண்ணும் முகமும் பொருந்தின. காலிப்பரின் திருகைக் குறட்டால் இறுக்கினாள். நீதிபதி போனதும் அந்தக் காலிப்பரை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினாள். இனி இந்த இடைவெளியை யாராலும், அவள் கண்ணாலும்கூட, மாற்ற முடியாது.

செவ்வாய்க்கிழமை காரில் மகளோடு வந்தார். அவர் உட்கார்ந்ததும் பீரோவைத் திறந்து காலிப்பரை எடுத்தாள். முதலில் மண்ணில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மண் மாறவில்லை. பிறகு நீதிபதியின் முகத்தில் வைத்தாள். மோவாய் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

இன்னொரு காலிப்பரை எடுத்து நெற்றியை அளந்தாள். மண்ணோடு பொருந்தியது. காதுக்குக் காது, மூக்கு நீளம், கண்ணுக்குக் கண் எல்லாம் பொருந்தின. மூக்குக்குக் கீழேதான் ஆள் வேறு. வாரத்துக்கு இரண்டு தடவை வளர்ந்து தேய்கிற எலும்பு மனுஷனுக்குக் கிடையாது.

“ஐயா, வாயத் திறங்க.”

“எதுக்கு?”

“திறங்கன்னா திறங்க.”

நீதிபதி முன்னறைப் பக்கம் பார்த்தார். மகளின் குரல் போனில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தது. அவர் கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். சாத்தினாள்.

“பல் செட்டும்மா” என்று கிசுகிசுத்தார். “பழைய செட்டு தேஞ்சுபோச்சு, முகம் சுருங்கிப்போச்சுன்னு சொல்லி அவ உயரமா புதுசு ஒன்னு கட்டிக் குடுத்திருக்கா. ஈறெல்லாம் வெட்டுது. அவ கூட வர்ற அன்னைக்கு இதப் போட்டுக்கறேன். நானா வர்ற அன்னைக்குப் பழசு.”

“இத ஏன் சொல்லல?”

“இத எப்படிம்மா ஒரு பொம்பளைகிட்ட சொல்றது?”

“பெஞ்சுல உக்காந்துகிட்டு, முழு உண்மையச் சொல்லுன்னு எத்தன பேர அதட்டியிருப்பீங்க!”

“அவங்கள யாரும் பல்லப் பத்திக் கேக்கலியே” என்றார் நீதிபதி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. கண் தப்பித்தது! அந்த நிம்மதி தீர்வதற்குள்ளேயே, பின்பக்கத்து அறை காலியாகக் கிடப்பது ஞாபகம் வந்தது.

எந்தப் பல்லை வெண்கலத்தில் வைப்பது என்பதை அவளே முடிவு செய்தாள். கோர்ட்டில் இத்தனை வருஷம் தீர்ப்புச் சொன்னது பழைய வாய்தான். மகளிடம், “புதுப் பல்லு ஈறக் கிழிக்குதாம், டாக்டர்கிட்டக் காட்டி ராவச் சொல்லுங்க, இல்லேன்னா புண்ணாயிடும்” என்று நேராகவே சொல்லிவிட்டாள். ரகசியத்தைக் காப்பாற்றுவதாக அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நீதிபதி அன்று ‘வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறினார்.

சாயங்காலமே நாத்தனாரின் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். மாடிப்படி ஏறுகையில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்தது நாத்தனார்தான்.

“என்ன அண்ணி, இங்கயும் நூல் கட்ட வந்தீங்களா?”

“பல்லு” என்றாள் தலைக்காரி.

“என்ன பல்லு?”

“அந்தாளு ரெண்டு செட்டுப் பல்லு வச்சிருக்கான். மாத்தி மாத்திப் போட்டுட்டு வந்திருக்கான்.”

நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து சிநேகிதி, “என்னடி, யாருடி?” என்று கேட்குமளவுக்குச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “அந்தப் பல்லுக்காக என்னக் கள்ளின்னு சொன்னீங்க.”

“அந்த வார்த்தைய நான் சொல்லல.”

“சொல்லாமதான் சொன்னீங்க.”

“ஆமா. தப்புதான். வீட்டுக்கு வா.”

இதற்குமேல் மன்னிப்பு என்று அவளுக்குக் கேட்கத் தெரியாது. நாத்தனாருக்கும் இதற்குமேல் எதிர்பார்க்கத் தெரியாது. பெட்டியைத் தலைக்காரி தூக்கிக்கொண்டாள். பஸ்ஸில் இருவரும் ஜன்னல் பக்கம் யார் என்று மட்டும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நீதிபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் பழைய பல்லோடுதான் வந்தார். தாடையும் வாயும் முடிந்தன. மறுநாள் காலை வார்ப்புக்காரர் அச்செடுக்க வருவதாக இருந்தது. தலைக்காரி மூடியை எடுத்துவிட்டு, சுழல்பலகையை மெல்லத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்த்தாள். தன் கண்ணை இத்தனை நாள் சந்தேகப்பட்டதே பாவம் என்று நினைத்தாள். தண்ணீர்ச் செம்போடு நாத்தனார் வந்து வாசலில் நின்றாள்.

“உள்ள வா. இனிமே உனக்கு என்ன தடை?”

நாத்தனார் வந்து தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒன்னு சொல்லணும். சாமியாடக் கூடாது.”

“சொல்லு.”

“தாடைய நான் தொடல. அது சத்தியம். ஆனா அன்னைக்குத் தண்ணி தெளிக்கத் துணிய எடுத்தனா, கை பட்டு ஒரு காது கொஞ்சம் உள்ள அமுங்கிடுச்சு. நானே இழுத்து விட்டேன். பழையபடி வந்துச்சான்னு தெரியல. நீங்கதான் மறுநாளே பாத்துச் சரி பண்ணிடுவீங்கன்னு விட்டுட்டேன். பண்ணிட்டீங்கல்ல?”

தலைக்காரி சரி பண்ணவில்லை. சரி பண்ணுவதற்கு அவள் ஒன்றையும் பார்க்கவே இல்லை. அந்தக் காதை அதற்கப்புறம் எத்தனை முறை காலிப்பரால் தொட்டிருக்கிறாள்! மேல்பக்கத்தில் வைத்து அகலத்துக்கு அளந்திருக்கிறாள், அங்கே அகலம் மாறவில்லை. வடிவத்தைக் கண்தான் பார்த்திருக்க வேண்டும்.

பலகையை இந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு காதைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பினாள். மறு காதைப் பார்த்தாள். ஜன்னல் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள். வெளிச்சத்தில் காதின் மடிப்புகள் பஞ்சு மாதிரிக் கரைந்து நின்றன. இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

“இதுதானே?” என்றாள், இடது காதைத் தொட்டு.

“இல்ல அண்ணி. அது.”

“இங்கேயா? மேல் மடிப்பா?”

“கீழ. சப்பையா இருக்கு பாருங்க. என் கட்டைவிரல் ரேகைகூட இருக்கு. தெரியலையா?”

நாத்தனார் கேட்டது சாதாரணமாகத்தான். கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. செம்பைத் தரையில் வைத்துவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை.

தலைக்காரி காலிப்பரை ஆணியில் மாட்டினாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“வார்ப்புக்காரருக்குப் போன் பண்ணு. நாளைக்கு வர வேணாம், நான் சொல்றப்ப வந்தாப் போதும்னு சொல்லு. செயலாளர் கேட்டா தலைய எறும்பு தின்னுடுச்சுன்னு சொல்லு, என்ன வேணா சொல்லு.”

“சரி.”

“நாளைக்குக் காலைல கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும். நீ கூட வரணும்.”

“எதுக்கு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகவா?”

“இல்ல. டாக்டர் சொல்றத எல்லாம் நான் நம்பமாட்டேன். நீயும் காதக் குடுத்துக் கேளு.”

அந்தக் காதை அன்றே திருத்தினார்கள். நாத்தனார் பின்னால் நின்று, “கொஞ்சம் வெளிய… இன்னும்… போதும், போதும்” என்று சொல்லச் சொல்ல, தலைக்காரி கட்டைவிரலால் மண்ணை மெல்ல இழுத்தாள். சரியாக வந்துவிட்டது என்று நாத்தனார் சொன்னாள். தலைக்காரி மறு காதை விரலால் தடவிப் பார்த்து, இதையும் தடவிப் பார்த்து, இன்னொரு முறை இரண்டையும் தடவிப் பார்த்த பிறகுதான் துணியைப் போர்த்தினாள்.